வெட்டத் துளிர்க்கும் உயிர்

ரணகள்ளியின் இலை ஒன்றைப் பறித்து, மண்ணும் நீரும் இல்லாத ஒரு பலகையின்மேல் வைத்துவிட்டாலும், சில நாள்களுக்குள் அவ்விலையின் விளிம்பிலுள்ள பள்ளங்கள்தோறும் வேரும் தளிருமாகச் சிறு கன்றுகள் எழுவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். மடகாஸ்கர் தீவில் பிறந்து, கடல் கடந்து வந்து, நம் வேலியோரங்களில் குடியேறி, கல்லடைப்புக்கு மருந்தென்று நாட்டு வைத்தியத்தில் இடம்பெற்றுவிட்ட இச்செடியை ஜெர்மானிய மகாகவி கெதே பெருவிருப்போடு வளர்த்து, அதன் இலைகளையும் கன்றுகளையும் நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்ந்தார் என்பது அவர் சரித்திரத்தில் காணப்படும் செய்தி. கவியின் உள்ளத்தைக் கவர்ந்த அந்த அற்புதம் தத்துவ விசாரணை செய்வோனையும் எளிதில் விடுவதில்லை. தாய்ச்செடியினின்று இலை பிரிந்த கணத்தில் அச்செடியின் ஜீவன் இலையோடு வந்ததா, செடியிலேயே நின்றதா, இரண்டாகப் பிளந்ததா? இலையின் விளிம்பில் பத்துக் கன்றுகள் முளைத்தபோது பத்து ஜீவன்கள் புதிதாகத் தோன்றினவா, எங்கிருந்தோ வந்து புகுந்தனவா, அல்லது ஒரே ஜீவன் பத்து சரீரங்களைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? தோட்டக்காரன் இவ்வினாக்களைக் கேட்பதில்லை. கேளாமலே அவன் செடிகள் நன்றாக வளர்கின்றன. ஆயினும், உயிர் என்பது யாது என்று அறிய விரும்பும் ஒருவன், மனிதனைப் பற்றியே எண்ணிக்கொண்டிராமல், ஊமையாய் நிற்கும் இந்த ஸ்தாவரங்களின் முன்னே சிறிது நேரம் நிற்பானானால், தான் இதுவரை உறுதியென்று எண்ணியிருந்த பல எண்ணங்கள் தளர்வதைக் காண்பான்.

இயற்கை இலை விளிம்பில் செய்து காட்டுவதை மனிதன் கண்ணாடிப் புட்டியில் செய்யக் கற்றுக்கொண்ட வித்தைக்கே திசு வளர்ப்பு என்று பெயர். சோற்றுக்கற்றாழை, கள்ளிமுளையான் முதலிய சதைப்பற்றுள்ள மருந்துச் செடிகளை இம்முறையில் பெருக்குவது இக்காலத்தில் நடைபெற்றுவரும் காரியமாதலின், கள்ளிமுளையானையே உதாரணமாகக் கொள்வோம். தென்னாட்டின் வறண்ட குன்றுகளிலும் கரட்டு நிலங்களிலும் முட்புதர்களின் அடியில், இலையென்று சொல்லத்தக்கது ஏதுமின்றி, நாற்பட்டைத் தண்டாய் நிமிர்ந்து நிற்கும் சிறு செடி அது. ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் அதைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள். கிராமத்துப் பெண்டிர் அதைத் துவையலாக அரைப்பார்கள். பஞ்ச காலங்களில் அது ஏழைகளின் வயிற்றைத் தாங்கியிருக்கிறது. பசியை அடக்கும் அதே குணத்தைக் கண்டு, உடற்பருமனைக் குறைக்கும் மருந்தென்று உலகச் சந்தை அதைத் தேடத் தொடங்கியபின், குன்றுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பறித்துச் செல்வது வழக்கமாயிற்று. பசித்தவன் தின்றபோது குறையாத செடி, மிகுதியாக உண்டவனின் தேவைக்காகக் குறையலாயிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் துயரத்தை மறைக்க நான் விரும்பவில்லை. இவ்வழிவிலிருந்து அதைக் காக்கும் உபாயங்களுள் ஒன்றாகவே திசு வளர்ப்பும் கருதப்படுகிறது.

அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இளந்தண்டில் ஒரு கணுவை மட்டும் அறுத்தெடுத்து, ஓடும் நீரில் கழுவி, கிருமிநாசினியில் சில நிமிஷங்கள் தோய்த்து, மாசு வடிகட்டிய காற்று வீசும் மேடையின்மேல் சுடரில் காட்டிய கத்தியால் நுனிகளை நறுக்கி, ஊட்டக்கூழ் நிரம்பிய புட்டிக்குள் நட்டு மூடுகிறார்கள். முராஷிகி, ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1962-இல் புகையிலைத் திசுக்களுக்காக வகுத்த உப்புக் கலவையே இன்றும் பெரும்பாலும் கையாளப்படுவது. அதில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் சுமார் 8 கிராம் அகாரும் சேர்த்து, அமிலநிலையை 5.8-க்குக் கொணர்ந்து, அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக் கிருமி நீக்கிய பின்னரே கணுவை நடுவார்கள். நாள்தோறும் பதினாறு மணி நேரம் விளக்கொளியும் எட்டு மணி நேரம் இருளுமாக, 25 பாகையை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருந்தால், சில வாரங்களில் கணுவின் கக்கத்திலிருந்து தளிர்கள் எழுகின்றன. அவற்றைப் பிரித்து வேறு புட்டிகளில் நட்டால் அவையும் தளிர்க்கின்றன. மாதந்தோறும் ஒன்று நான்காகுமென்று வைத்துக்கொண்டால், ஒரே கணுவின் சந்ததி ஓராண்டில் ஏட்டுக்கணக்கில் ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். அழுகலும் இடப்பற்றாக்குறையும் அக்கணக்கை நிறைவேற விடுவதில்லை. எனினும் அந்த எண்ணின் பின்னே நிற்கும் ஆற்றல் பொய்யன்று.

இந்த ஆற்றலை முதன்முதல் ஊகித்துச் சொன்னவர் ஹாபர்லண்ட் என்னும் தாவர சாஸ்திரி. இலையினின்று பிரித்தெடுத்த தனித்தனி அணுவறைகளை, அதாவது செல்களை, சர்க்கரை கலந்த கரைசலில் வைத்துப் பார்த்த அவர், அவை வாரக்கணக்கில் உயிரோடிருந்து, பருத்து, மாப்பொருளைச் சேர்த்துக்கொண்டபோதிலும், ஒன்றேனும் இரண்டாகப் பிரியவில்லை என்பதை 1902-இல் ஒளிவின்றி எழுதினார். ஆனால் அதே கட்டுரையில், தாவரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் முழுச்செடியாகும் தகுதி மறைந்து கிடக்கிறது என்ற தம் நம்பிக்கையையும் கைவிடவில்லை. அந்நம்பிக்கை பிரத்தியட்சமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1958-இல் அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவர்டும் அவர் குழுவினரும் காரட்டுக் கிழங்கின் அணுவறைகளை ஊட்டக்கரைசலில் மிதக்கவிட்டு வளர்த்தபோது, அவற்றிலிருந்து கருவடிவங்களும் பின்னர்ச் செடிகளும் உருவாயின. அக்கரைசலில் அவர்கள் சேர்த்த முக்கியப் பொருள் தேங்காய்க்குள்ளிருக்கும் நீர் என்பதைப் படித்தபோது என் மனம் காரணமின்றியே குளிர்ந்தது. வளரும் கருவுக்கென்று தென்னை தன் காய்க்குள் சேர்த்துவைத்த அந்த நீர், வேறொரு குலத்துச் செடியின் உறங்கும் அணுவையும் எழுப்பிவிட்டது.

விஞ்ஞானம் இவ்வாறு நிகழ்ச்சியை நிலைநாட்டிவிட்டது. நிகழ்ச்சியின் பொருளை ஆராயும் கடமை வேறு துறையைச் சார்ந்தது. அத்துறையிலோ நம் முன்னோர் வெறுங்கையராய் இருக்கவில்லை.

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் புதல்வன் சுவேதகேதுவுக்கு ஒரு பெருமரத்தைக் காட்டி உபதேசிக்கிறார். அம்மரத்தை அடியில் வெட்டினும், நடுவில் வெட்டினும், நுனியில் வெட்டினும், ஜீவன் அதனுள் வியாபித்திருப்பதனால் அது சாறு வடிய நிற்கிறதென்றும், ஜீவன் ஒரு கிளையை விட்டு நீங்கினால் அக்கிளை உலர்கிறதென்றும், முழுமரத்தையும் விட்டு நீங்கினால் முழுமரமும் உலர்கிறதென்றும், சாவது சரீரமேயன்றி ஜீவனன்று என்றும் அவர் விளக்குகிறார். ஜீவன் கிளையை விடுவதை உத்தாலகர் சொன்னார். கிளை மரத்தை விட்டபின்னும் வாழ்வதை அவ்விடத்தில் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டுண்ட கிளை உலராமல் வேறிடத்தில் வேர்விட்டு நிற்குமானால் அதிலிருக்கும் ஜீவன் எது? சுவேதகேது இதைக் கேட்டிருந்தால் தந்தை என்ன விடை கூறியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது இன்பம் தருவது. ஆன்மா ஒன்றே, பலவாகத் தோன்றுவது உடல் முதலிய உபாதியினால் என்று கொள்ளும் அத்வைதிகளுக்கு இக்கேள்வியில் இடர்ப்பாடு இல்லை. ஆயிரம் புட்டிகளில் ஆயிரம் உபாதிகள், அவ்வளவே. ஆனால் இடர்ப்பாடு இல்லாமை ஒரு தத்துவத்தின் பலமாவது போலவே சில சமயங்களில் பலவீனமும் ஆகிறது. மனிதன், மாடு, மரம் என்னும் எல்லாவற்றுக்கும் ஒரே விடையைச் சொல்லும் கொள்கை, தாவரத்துக்கு மட்டும் உரிய இந்த விசித்திரத்தை விளக்காமலே கடந்து போய்விடுகிறது. மாட்டின் காலை வெட்டினால் மாடு முளைப்பதில்லை. கள்ளிமுளையானின் கணுவை வெட்டினால் கள்ளிமுளையான் முளைக்கிறது. இந்த பேதம் எதனால்?

யவன தேசத்து அரிஸ்டாட்டில் இப்பேதத்தைக் கவனித்தவர். ஆன்மாவைப் பற்றி அவர் இயற்றிய நூலில், பிளவுண்ட தாவரங்களும் சில பூச்சிகளும் துண்டுகளாகியும் வாழ்வதை எடுத்துக்காட்டி, இத்தகையவற்றில் ஆன்மா செயலளவில் ஒன்றாகவும் சாத்தியத்தில் பலவாகவும் இருக்கிறது என்று முடிவு கூறுகிறார். நுட்பமான முடிவுதான், ஹாபர்லண்டின் ஊகத்துக்கும் இதற்கும் இடையே காலம் நீண்டதேயன்றிக் கருத்து வெகுதூரம் நகரவில்லை. ஆயினும், சாத்தியத்தில் இருந்த பன்மை கத்தி பட்ட கணத்தில் செயலாகிவிடுகிறது என்றால், ஓர் ஆன்மா தோன்றுவதற்குக் கத்தியே நிமித்த காரணமாகிறது. ஆன்மா அநாதி என்று கொண்ட நம் நாட்டார் இதை ஒப்புவதற்கில்லை.

சமணர் சென்ற ஆழத்துக்கு இவ்விஷயத்தில் வேறு எவரும் செல்லவில்லை என்பது என் துணிபு. அவர்கள் தாவர சரீரங்களை இரு வகையாகப் பிரித்தார்கள்: ஒரு சரீரத்துக்கு ஒரு ஜீவன் என்றிருப்பது ஒன்று, எண்ணிலடங்கா ஜீவன்கள் ஒரே சரீரத்தைப் பொதுவாகக் கொண்டு, ஒன்றாய் உண்டு, ஒன்றாய் மூச்சுவிட்டு, ஒன்றாய்ப் பிறந்து, ஒன்றாய் இறப்பது மற்றொன்று. இப்பொதுச் சரீரத்தை எவ்வாறு இனங்காண்பது? பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகொளத்தோடு தொடர்புற்றிருந்தவரும் சாமுண்டராயருக்கு ஆசிரியராய் விளங்கியவருமான நேமிசந்திரர், கோம்மடசாரம் என்னும் தம் நூலில் அதற்குரிய இலக்கணங்களைக் கூறுகிறார்: நரம்பும் கணுவும் வெளித்தெரியாதிருத்தல், முறித்தால் நார் தொங்காமல் சமமாக முறிதல், வெட்டினாலும் மறுபடி முளைத்தல். ஊசியும் உருப்பெருக்கியும் கையில் இல்லாத ஒரு துறவி, வெட்டினால் முளைப்பதையே பல ஜீவன்களின் அடையாளமாகக் கண்டார் என்பதைத் திசு வளர்ப்போர் அறிவார்களாயின் வியப்படைவர். அதனினும் வியப்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூர்ஜர தேசத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர், யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் உண்ணாது விலக்கவேண்டிய அநந்தகாயங்களை, அதாவது எண்ணிலடங்கா ஜீவன்களுக்குப் பொதுவான சரீரங்களை, தொகுத்துச் சொல்லும்போது, கள்ளி, கற்றாழை, சீந்தில், தண்ணீர்விட்டான் என்பவற்றைச் சேர்த்திருப்பதாகும். இவை அனைத்தும் மருந்துகள். அனைத்தும் துண்டினின்றும் கிழங்கினின்றும் துளிர்ப்பவை. அறுத்துக் கொடியில் தொங்கவிட்ட சீந்தில் தண்டு மாதக்கணக்கில் வாடாமல் ஆகாயத்திலேயே வேர்விடுவதைக் கண்டவர்கள், அதற்குள் ஒரு ஜீவன் மட்டுமே குடியிருக்கிறதென்று நம்பத் தயங்கியது இயல்புதான்.

சமணருடைய கொள்கையில் புட்டிக்குள் நிகழ்வது பெருக்கமே அன்று. ஏற்கெனவே கூட்டமாய் இருந்தவை தனித்தனி வீடு பெற்றன என்பதே அவர்கள் விடையாகும். இதில் ஒரு பெருமிதம் இருக்கிறது, பயங்கரமும் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றைக் கீறி மருந்துக்காக அதன் சோற்றை வழித்தெடுக்கும் கை, எண்ணிறந்த உயிர்களின் வீட்டை இடித்துவிடுகிறது என்று அவர்கள் நடுங்கினார்கள். அந்நடுக்கத்தைப் பரிகசிப்போர் உண்டு. நான் பரிகசிக்கமாட்டேன். நம் தமிழ்நாட்டிலேயே நீலகேசி என்னும் சமண காவியத்தில், மரத்துக்கு உயிர் உண்டா இல்லையா என்பது பௌத்தரோடு வாதத்துக்குரிய பொருளாயிற்று. ஒரு சமூகம் தன் சபைகளில் மரத்தின் உயிரைப் பற்றி வாதிட்டது என்பதே அச்சமூகத்தின் மேன்மைக்குப் போதிய சான்று. தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிராக வகுத்து உயிர்வரிசையில் முதலில் நிறுத்தியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பௌத்தர் மரத்துக்கு ஜீவனை ஒப்பாவிடினும், அவர்களுடைய விநய நூல் பிக்ஷு ஒருவன் தாவரத்தை அழிப்பதைக் குற்றமென்று விதித்து, அவ்விதியை விளக்குமிடத்தில், வேரில் முளைப்பவை, தண்டில் முளைப்பவை, கணுவில் முளைப்பவை, நுனியில் முளைப்பவை, வித்தில் முளைப்பவை என்று ஐவகையாகப் பிரிக்கிறது. வித்து ஐந்தில் ஒன்றே. மற்ற நான்கும் வெட்டத் துளிர்ப்பவை. துறவிகளுக்குச் சட்டம் வகுக்க உட்கார்ந்தவர்கள் தோட்டத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். புட்டிச் செடி தாய்ச்செடியா, வேறா என்று அவர்களைக் கேட்டால், ஒரு விளக்கிலிருந்து ஏற்றிய மற்றொரு விளக்கைக் காட்டி, அதுவுமன்று, வேறுமன்று என்பார்கள். அழகிய விடை. ஆனால் சுடருக்கு வெட்டுப்படும் வேதனை இல்லை. காயத்தை மூடிக்கொள்ளும் முயற்சியும் இல்லை. அறுபட்ட கணு தன் புண்வாயில் புதிய திசுவைப் பரப்பி மூடிக்கொண்டு, ஒளி வரும் திசையை நோக்கித் தளிரைத் திருப்பும்போது, அங்கே ஏதோ ஒன்று தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது. அந்த ஒன்றை விளக்கு விளக்கவில்லை.

சைவசித்தாந்தத்தில் பழகிய என் மனத்துக்கு ஏற்புடைய விடை வேறொன்று. உயிர்கள் எண்ணிறந்தவை, அநாதியானவை. அவை படைக்கப்படுவதில்லை, பிளக்கப்படுவதில்லை. படைக்கப்படுவது உடல் மட்டுமே. அதற்கு உபாதானம் மாயை. உடல் எங்கே தகுதி பெறுகிறதோ அங்கே, தன் வினைக்கீடாக, இறைவன் ஆணையால் ஓர் உயிர் வந்து பொருந்துகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த இக்கொள்கையைக் கணுவின் விஷயத்தில் பொருத்திப் பார்த்தால் பெறப்படுவது இது: செடியின் ஒவ்வொரு கணுவும் ஓர் உடலாகும் தகுதியைக் கருவாகக் கொண்டிருக்கிறது, தாயோடு ஒன்றியிருக்கும்வரை அத்தகுதி தாயுடலுக்கு அடங்கி உறங்குகிறது, பிரிந்து தனித்து வாழத் தொடங்கியபோது அது ஒரு புதிய இல்லமாகிறது, இல்லம் ஆயத்தமானபோது குடியிருக்க ஓர் உயிர் வருகிறது. மாட்டுக்கும் மரத்துக்கும் உள்ள பேதமும் இதனால் விளங்கும். மாட்டின் உடல் ஒரே நடுவத்துக்கு உறுப்புகள் அனைத்தையும் அடிமையாக்கிக் கட்டப்பட்ட உடல்; செடியின் உடலோ கணுதோறும் தன்னைத் தொடங்கவல்லது. நுனிமொட்டு சுரந்து கீழே அனுப்பும் ஆக்சின் என்னும் ஊக்கி, கக்க மொட்டுகளைத் தளிர்க்கவொட்டாமல் தடுத்து வைத்திருக்கிறது என்றும், நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்கின்றன என்றும் தாவர சாஸ்திரம் கண்டறிந்திருப்பது இக்கருத்துக்கு முரணாக நிற்கவில்லை. புட்டியில் சைட்டோகைனின் என்னும் மற்றோர் ஊக்கியை மிகுத்தால் தளிரும், ஆக்சினை மிகுத்தால் வேரும் எழுகின்றன என்ற ஸ்கூக், மில்லர் இருவரின் 1957-ஆம் ஆண்டு ஆராய்ச்சியும், உடல் எவ்வாறு தகுதி பெறுகிறது என்பதன் விளக்கமேயன்றி, உயிர் எங்கிருந்து வருகிறது என்பதன் விளக்கமன்று.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. கணுவை விடுத்து இலையின் சிறு துண்டை வைத்து, ஊக்கிகளைச் சமமாக அளித்தால், தளிரும் எழாமல் வேரும் எழாமல், மேலென்றும் கீழென்றும் இல்லாத உருவமற்ற திசுக்கட்டி ஒன்று பருத்து வளர்கிறது. 1939-இல் பிரான்சில் கோத்தெரே, நோபெகூர் என்போரும் அமெரிக்காவில் ஒயிட் என்பவரும் ஒருவர் செய்தியை ஒருவர் சாராமலே இத்தகைய கட்டிகளை முடிவின்றி வளர்த்துச் செல்ல முடியுமென்று காட்டினர். இக்கட்டி வாழ்கிறது, உண்கிறது, ஆனால் இது செடியன்று. இதற்குள் உயிர் இருக்கிறதா? இருப்பின் ஒன்றா, அணுவறைக்கு ஒன்றா? இல்லையாயின், நாளை இதே கட்டியில் தளிர்முனை தோன்றும்போது எந்தக் கணத்தில் உயிர் வந்தது? சமணர் இங்கே தயக்கமின்றி, அநந்தம் என்று விடை கூறிவிடுவர். என் விடை அவ்வளவு உறுதியானதன்று. உயிர் உடலோடு பொருந்துவது அநுபவத்தின் பொருட்டு. தாவரத்துக்கு உரிய அநுபவம் தொடுவுணர்வு ஒன்றே. அந்த உணர்வுக்கு ஒரு முகம் வேண்டும், இன்னது என் புறம், இன்னது என் அகம் என்று பிரிக்கும் ஓர் எல்லை வேண்டும். தளிர்முனையும் வேர்முனையும் எதிரெதிர் நின்று, இடையே ஓர் உடல் என்று சொல்லத்தக்கது அமையும்போதே அந்த எல்லை உண்டாகிறது என்று நான் கருதுகிறேன். அதற்கு முன்னிருப்பது உயிருள்ள பொருள். ஆனால் ஓர் உயிரின் வீடன்று. இவ்விடையில் நான் முழு அமைதி பெறவில்லை; இதனினும் சிறந்ததை வேறெங்கும் காணவுமில்லை.

ஒரே தாயின் கணுக்களிலிருந்து வந்த கன்றுகள் எல்லாவகையிலும் ஒன்றேயாக இருந்தால், ஒரே உயிர் பல உடல்களில் இருக்கிறது என்போர்க்கு அது துணையாகும். ஆனால் அவை அப்படி இருப்பதில்லை. புட்டியில் நெடுங்காலம் வளர்த்த திசுக்களிலிருந்து எழும் செடிகளிடையே நிறத்திலும் உருவிலும் குணத்திலும் வேறுபாடுகள் தலைகாட்டுவதை லார்க்கின், ஸ்கௌகிராஃப்ட் என்னும் இருவர் 1981-இல் தொகுத்துக் காட்டி, அதற்கென்று ஒரு பெயரும் இட்டனர். திசுக்கட்டியினின்று வந்தவற்றில் இது மிகுதி; கணுவினின்று நேரே வந்தவற்றில் குறைவு. வியாபாரி இதைக் குறையென்பான். தத்துவம் விசாரிப்பவனோ, அச்சில் வார்த்தாற்போல் வந்தவையென்று நாம் நினைத்தவையும் தத்தம் வழியே செல்லத் தொடங்குவதை ஆவலோடு நோக்குவான்.

இனி, இவ்விசாரணையால் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. ஆய்வுக்கூடங்களில் பூஞ்சை படர்ந்த புட்டிகளைத் திறவாமலே மீண்டும் நீராவியில் இட்டு அவித்து எறிந்துவிடுவது முறை. பூஞ்சை மற்றவற்றுக்குப் பரவாமலிருக்க அது இன்றியமையாதது. சரியாக வேர்விடாத கன்றுகளும், கண்ணாடிபோல் நீர்கோத்துப் போன கன்றுகளும் அவ்வாறே கழிக்கப்படுகின்றன. சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இந்த நீர்கோப்பு எளிதில் நேரக்கூடிய கேடு. வறட்சிக்கென்று அமைந்த உடலை ஈரம் நிறைந்த புட்டியில் அடைத்ததன் விளைவு அது. கழிக்கப்படும் ஒவ்வொரு புட்டியிலும் நாம் கட்டிவைத்த வீடுகள் இருக்கின்றன; நம் சித்தாந்தப்படி அவற்றில் குடியேறிய உயிர்களும் இருக்கின்றன. அவற்றை அவிப்பது பாவமா? குன்றில் தானே முளைத்த செடிக்கு நான் விருந்தினன். புட்டியில் நான் முளைப்பித்த செடிக்கு நானே விருந்தளிப்பவன். அழையாமல் வந்தவனைப் பட்டினி போடுவதினும், அழைத்து வந்தவனைப் பட்டினி போடுவது கொடிது. ஆதலால், விற்கும் அளவை அறியாது, புட்டி நிரப்புவதே பெருமையென்று எண்ணிக் கன்றுகளைப் பெருக்கி, பின் இடமின்றி அழிப்பது குற்றமென்றே நான் கொள்கிறேன். கிருமி நேர்ந்ததால் அழிக்க நேர்வதை, உழவன் கொழுமுனையில் புழு இறப்பதைப் போன்ற தவிர்க்கலாகாத தீங்கில் சேர்க்கிறேன். இவ்விரண்டையும் ஒன்றாக்கி முற்றிலும் குற்றமென்பாரோடும், முற்றிலும் குற்றமன்று என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

சித்த வைத்தியர்கள் மூலிகை பறிக்குமுன் அதற்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி செய்து, அதன் அநுமதியை வேண்டிப் பின்னரே பறிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார்கள்; இன்றும் சிலர் கைக்கொள்கிறார்கள். இதை மூடவழக்கமென்று தள்ளுவோர் அதன் ஒரு பயனையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செடியின் முன் நின்று, மஞ்சள் நூல் கட்டி, மந்திரம் சொல்லும்வரையில் கை தாமதிக்கிறது. தாமதிக்கும் கை மூட்டை கட்டும் அளவுக்குப் பறிப்பதில்லை. கள்ளிமுளையானை வேரோடு பிடுங்கிச் சென்ற கைகளுக்கு இத்தாமதம் இருந்திருக்குமானால், அதைப் புட்டியில் காப்பாற்றும் நிலைமை நேர்ந்திராது. புட்டியில் வளர்ந்த மூலிகைக்கு வீரியம் உண்டா என்று அவ்வைத்தியர்கள் கேட்பதும் நியாயமான கேள்வியே. நிலமும் பருவமும் மருந்தின் குணத்தை ஆக்குகின்றன என்பது அவர்கள் கொள்கை. தாவர சாஸ்திரமும், மருந்தாகப் பயன்படும் பல சத்துக்களைச் செடி தன்னை வெயிலினின்றும் வறட்சியினின்றும் பூச்சியினின்றும் காத்துக்கொள்ளவே ஆக்கிக்கொள்கிறது என்று கூறுவதால், அக்கொள்கையை அலட்சியம் செய்ய இடமில்லை. சர்க்கரையூட்டி வளர்த்த புட்டிக் கன்றின் தோலில் மெழுகுப் பூச்சு மெலிந்திருக்கிறது. அத்தோலின் நுண்துளைகள் மூடத் தெரியாமல் திறந்தே கிடக்கின்றன. வெளியே எடுத்த அன்றே வெயிலில் வைத்தால் அது சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். ஆகையால் மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் நட்டு, நிழல்வலையின் கீழ் ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்து, வாரக்கணக்கில் வெளிக்காற்றுக்குப் பழக்குகிறார்கள். அதன் பிறகே கள்ளிமுளையான் மறுபடி கள்ளிமுளையானாகிறது. உயிர் வீட்டை அடைந்துவிட்டாலும், அவ்வீட்டில் வாழக் கற்பது வேறொரு காரியம் என்பதை அந்தத் தொட்டிகளின் வரிசை காட்டுகிறது.

இப்படிப் பழகிய கன்றுகளில் மருந்துக்கும் துவையலுக்கும் தோட்டங்களில் நடப்படுபவை போக, ஒரு பங்கு குன்றுகளுக்கே திரும்பிச் செல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆனால் ஒரே தாயின் கணுக்களை மட்டும் கொண்டுபோய் ஒரு குன்றை நிரப்புவது அக்குன்றுக்குச் செய்யும் உபகாரமாகாது. ஒரே நோய் வந்தால் அனைத்தும் ஒருசேர மடியும். இரட்டைக் காய் வெடித்து, பட்டுக்குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் பறந்து, எங்கோ ஒரு காரைப்புதரின் அடியில் விழுந்து முளைப்பவற்றில்தான் இரு பெற்றோரின் கலப்பால் முன் இருந்திராத ஓர் உடல் உண்டாகிறது. கணு பழைய வீட்டைப் போலவே மற்றொன்றைக் கட்டுகிறது. விதை இதுவரை எவரும் குடியிராத வீட்டைக் கட்டுகிறது. ஆதலால் ஒவ்வொரு குன்றிலும் எஞ்சியிருக்கும் செடிகளில் பலவற்றினின்று தனித்தனியே கணுவெடுத்து, அவற்றின் கன்றுகளைக் கலந்து, எந்தக் குன்றில் எடுத்தார்களோ அந்தக் குன்றிலேயே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புதர்களின் நிழலில் நடவேண்டும். அவை பூத்துக் காய்த்து விதை சிதறும்வரை அங்கே எவரும் பறிக்காமலிருக்க ஊராரே காவல் நிற்கவேண்டும். ஆடு மேய்க்கும் சிறுவன் பசிக்கு ஒரு தண்டை ஒடித்துக்கொண்டால் மட்டும் அவனைத் தடுக்கவேண்டாம்.